முட்டை பிளக்கும்போது மேற்பரப்பில் சுருக்கம்: கெட்டுப்போகிறதா?

கேள்வி:
வணக்கம். ஜீனோபஸ் லேவிஸ் தவளை முட்டைகளை சிஸ்டீன் கரைசலில் ஜெல்லி உறையை நீக்கி, பத்தில் ஒரு பங்காக நீர்த்த எம்எம்ஆர் என்ற உப்புக் கரைசலில் வைத்து டைம்லாப்ஸ் எடுக்கிறேன். அறை வெப்பம் 22 டிகிரி. விந்து சேர்த்து ஒன்றரை மணி நேரத்தில் முதல் பிளவு வந்துவிடுகிறது. ஆனால் கருப்புப் பக்க உச்சியில் கோடு விழுந்ததுமே, அதற்குக் குறுக்காக இருபுறமும் பொடிப்பொடி மடிப்புகள். நூலைப் பிடித்து இழுத்த துணி மாதிரி. அதற்குச் சற்று முன்பு உச்சியிலிருந்து மங்கலாக ஒரு வளையம் கீழே இறங்குகிறது. கரைசலில் கோளாறா, முட்டையிலா?

பதில் 1:
இரண்டிலும் இல்லை. கோட்டுக்கு அடியில் ஆக்டின், மையோசின் என்ற புரத இழைகள் சுருங்கி மேற்பரப்பை உள்ளே இழுக்கின்றன, பக்கத்துப் பரப்பு மடிகிறது. பள்ளம் ஆழமானதும் மடிப்பு மறைந்துவிடும். அப்புறம் பள்ளத்தின் சுவரில் வெளிறிய பட்டை தெரிந்தாலும் பதறாதீர்கள். அது புதிதாகச் சேர்ந்த சவ்வு, அதில் நிறமி கிடையாது. மடிப்பு போகாமல், நிறமியும் திட்டுத்திட்டாகச் சிதறினால்தான் கவலை.

பதில் 2:
வளையம் என்று சொல்வது மேற்பரப்புச் சுருக்க அலை. முதலில் புறணி (சவ்வுக்கு அடியில் உள்ள அடுக்கு) தளரும் அலை, அதன் பின்னால் இறுகும் அலை. செல் பிரிதலை இயக்கும் சிடிகே1 நொதியின் செயல்பாடு ஏறும்போது தளர்வு, இறங்கும்போது இறுக்கம். அடுத்தடுத்த படங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பாருங்கள், பளிச்சென்று தெரியும்.

கேட்டவர்:
நன்றி, நிம்மதி. இன்னொன்று: அதே தட்டில் சில முட்டைகள் பிளக்கவே இல்லை, ஆனால் அரை மணிக்கு ஒருமுறை அலை மட்டும் வருகிறது. கருப்புப் பக்கமும் மேலேதான். கருவுற்றவைதானே?

பதில் 2:
அதை வைத்துச் சொல்ல முடியாது. விந்தே இல்லாமல் ஊசி குத்தினாலும் முட்டை கிளர்ந்து கருப்புப் பக்கம் மேலே திரும்பிவிடும். அலைக்கு உட்கருகூடத் தேவையில்லை. 1980-இல் ஹாரா, டைட்மன், கிர்ஷ்னர் மூவரும் உட்கரு இல்லாத முட்டைத் துண்டிலேயே அலை தவறாமல் வருவதைக் காட்டினார்கள். ஆக, சைட்டோபிளாசத்தின் (உட்கருவுக்கு வெளியே உள்ள செல் பொருளின்) கடிகாரம் ஓடுகிறது, அவ்வளவுதான். முதல் பிளவுக்கு முந்தைய படங்களில், கருப்புப் பாதியில் விந்து நுழைந்த இடம் கரும்புள்ளியாகத் தெரிகிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லை, பிளவும் இல்லை என்றால் கருவுற்ற கணக்கில் சேர்க்காதீர்கள்.