தோள்பட்டை முடிச்சு வலிக்கு டென்ஸ் (வலி குறைக்க மின்தூண்டல் தரும்) கருவி: பயன்படுத்தியவர்கள் சொல்லுங்களேன்

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். அப்பா 30 வருடமாக நாட்டுப்படகில் வலை இழுப்பவர். வலது தோள்பட்டைச் சதையில் சுண்டைக்காய் அளவு முடிச்சு. அழுத்தினால் கழுத்து வழியாக நெற்றிப்பொட்டு வரை வலி ஏறுகிறது. டாக்டர் பார்த்துவிட்டு டிரிக்கர் பாயிண்ட், அதாவது அழுத்தினால் வேறு இடத்துக்கும் வலி பரவும் தசை முடிச்சு என்றார். பிசியோதெரபியில் பட்டை ஒட்டி மின்தூண்டல் கொடுத்த அன்று நன்றாகத் தூங்கினார். ஆனால் ராமநாதபுரம் போய்வந்தால் அன்றைய தொழில் போச்சு.

வீட்டுக்கே டென்ஸ் வாங்கலாமா? 80–100 ஹெர்ட்ஸில் (நொடிக்கு அத்தனை மின்துடிப்பு) சுருசுருவென்று இருக்கும், 2–4 ஹெர்ட்ஸில் தசை துடிக்கும் என்பது வரை தெரியும். பேஸ்மேக்கர் எதுவும் இல்லை. பட்டையை முடிச்சின் மேலேயே ஒட்டுவதா, இருபுறமுமா? எத்தனை நிமிடம்? வலி அடங்கியதும் வலையைத் தூக்கிவிடுவார், அதுதான் என் பயம். மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் நேரில் சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட் இருந்தாலும் சொல்லுங்கள்.