தின்னர் வைக்கும் அறை: ஃபேன், எர்த் கிளிப் பற்றி யோசனை வேண்டும் (திருவொற்றியூர்)

வணக்கம். பெயின்ட் பட்டறையை ஒட்டி 12க்கு 10 அடி அறை. இப்போது உள்ளே என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் 200 லிட்டர் டிரம் ஒன்று, மினரல் டர்பன்டைன் 40 லிட்டர். டர்பன்டைன் பெட்ரோலியம் சட்டத்தில் பி வகுப்பு (தீப்பற்றும் அபாயம் ஏ வகுப்பைவிடக் குறைவு), இந்த அளவுக்குச் சிக்கல் இல்லை. தலைவலி தின்னர்தான். அதிலுள்ள டொலுவீன் என்ற கரைப்பானின் ஃப்ளாஷ் பாயின்ட் (பொறி பட்டால் ஆவி தீப்பிடிக்கத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 4 டிகிரி செல்சியஸ். நம்ம ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். தரையோடு ஊர்ந்து போய் வெல்டிங் பொறியைப் பிடித்துவிடும். கூரையோரம் எக்ஸாஸ்ட் மாட்டுவது வீண்.

தின்னர் ஏ வகுப்பு. 1934 பெட்ரோலியம் சட்டப்படி ஏ வகுப்பு, விற்பனைக்கு இல்லையென்றால், 30 லிட்டர் வரைதான் லைசென்ஸ் இல்லாமல் வைக்கலாம். அதனால் டிரம்மை விட்டுவிட்டு ஒரே ஒரு 20 லிட்டர் தகர டின்னுக்கு மாறப்போகிறோம்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

ஃப்ளேம்ப்ரூஃப் ஃபேனை (உள்ளே வரும் பொறி வெளியே ஆவியைப் பற்றவைக்காத வகை) தரையிலிருந்து ஒரு அடிக்குள் வைத்தால் மழைத்தண்ணி ஏறும்போது என்ன செய்வது? ஃபேனை உயரத்தில் வைத்து டக்டை (காற்றுக் குழாயை) மட்டும் கீழே இறக்கினால் போதுமா?

ஊற்றும்போது டின்னையும் கேனையும் இணைக்கும் எர்த் கிளிப் கடல் உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தொடர்பு விட்டுப்போகிறது. பித்தளையா, எஸ்.எஸ்ஸா (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா)? (பிளாஸ்டிக் கேன் யோசனை வேண்டாம், ஸ்டாட்டிக் இறங்க வழியில்லை.)

தானாக மூடும் கதவுள்ள இரும்பு அலமாரி பாரிமுனைப் பக்கம் கிடைக்குமா?