புதுப்பிப்பு: சுங்கை சிப்புட் கோயில் பின்புறத்துப் பூனைகள்

போன மாதம் லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) கோயிலுக்குப் பின்னால் திரியும் ஏழு பூனைகளைப் பற்றி எழுதி, கூண்டு இரவல் கேட்டிருந்தேன். இரண்டு கிடைத்தன, ரொம்ப நன்றி.

ஆறுக்குக் கருத்தடை முடிந்து, பிடித்த இடத்திலேயே விட்டாயிற்று. காது நுனி வெட்டியிருந்தால் ஆபரேஷன் ஆனது என்று அர்த்தம். அதை மறுபடி பிடிக்க வேண்டாம். சாம்பல் நிறத் தாய்ப்பூனைதான் மூன்று இரவு அலைக்கழித்தது. சார்டின் வாசனைக்கு வந்து முன்னங்காலை வைக்கும், கம்பி லேசாக அசைந்ததும் செம்பனைக்குள் ஓடிவிடும். அப்புறம் கூண்டைச் சாக்கால் மூடி, உள்ளே செய்தித்தாள் விரித்தோம். விடியற்காலையில் அகப்பட்டிருந்தது, பாவம், நடுங்கிக்கொண்டு.

மீதி ஒரு பெட்டைக்குட்டி. நான்கு மாதத்திலேயே சினை பிடிக்கலாம், தள்ளிப்போட முடியாது. லயத்து அக்காமார்களே, சனிக்கிழமை மட்டும் சோறு வைக்காதீர்கள்; பசித்தால்தான் கூண்டுக்குள் வரும்.