மொட்டை மாடிச் சூடு: சுண்ணாம்பா, தட்டோடா?

கேள்வி:
மதுரை, மேல்மாடி வீடு. ராத்திரி 11 மணிக்கும் ஃபேன் அனலைத்தான் தள்ளுது. சீலிங்ல கை வச்சா தோசைக்கல்லு மாதிரி. மேலே வெறும் சிமென்ட் பூச்சுதான். என்ன செய்யலாம்?

பதில் 1:
பகல்ல கான்கிரீட் குடிச்ச வெயில்தான் சார் ராத்திரி இறங்குது. கிளிஞ்சல் சுண்ணாம்புல பசை கலந்து பங்குனியிலேயே 2 கோட் அடிச்சுடுவேன். வெள்ளை வெயிலைத் திருப்பிடும். ஐப்பசி மழையில பாதி கரைஞ்சிரும், வருஷா வருஷம் அடிக்கணும். அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கங்க, கண்ணுல தெறிச்சா ஆபத்து.

பதில் 2:
நிரந்தரமா வேணும்னா செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு மேலே தட்டோடு, அதான் தட்டையான சுட்ட மண் ஓடு, பதிச்சிடுங்க. தண்ணி வடியற வாட்டம் (சரிவு) சரியா இருக்கணும். எனக்குத் தண்ணி தேங்கி, பீரோவுக்குப் பின்னால சுவத்துல ஓதம் (ஈரம்) ஏறிருச்சு.

பதில் 3:
எது செஞ்சாலும் சீலிங்ல தெர்மோகோல் ஒட்டாதீங்க. சட்டுனு தீப்பிடிக்கும். எங்க வீட்ல பல்லி வேற குடித்தனம் பண்ணுச்சு.

கேட்டவர்:
சரிங்க, முதல்ல சுண்ணாம்பு. வாட்டத்தை ஒரு குடம் தண்ணி ஊத்திப் பாத்துடறேன்.