முட்டை அவிக்கத் தனி மெஷினா?

ஈரோட்டுக்காரன்:
தம்பி தனிக்குடித்தனம் போய் ஆறு மாதம் ஆகிறது. போன ஞாயிறு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்பு மேடையில் முட்டை அவிக்கிற மெஷின், சாண்ட்விச் மேக்கர், ரொட்டி மேக்கர், பாப்கார்ன் மெஷின், கயிற்றை இழுத்தால் வெங்காயம் நறுக்குகிற டப்பா. அரிசி களைய இடமில்லை. "முட்டைக்கு எதுக்குடா மெஷின், ஒரு சட்டியும் தண்ணியும் போதாதா?" என்றால், "அண்ணே, அதுவா நின்னுடும்" என்கிறான். அடுப்பைத் திருகி அணைக்க இரண்டு விரல் போதுமே! ஒரே வேலை செய்கிற எந்தச் சாமானும் சமையலறைக்குத் தண்டம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

மாடிவீட்டு மல்லி:
வந்துவிட்டேன். ஈரோடு என்கிறீர்கள், வீட்டில் சந்தகை பிழிகிற அச்சு இல்லாமலா இருக்கும்? அது எத்தனை வேலை செய்கிறது? பணியாரக்கல், புட்டுக்குழல், தேங்காய்த் துருவி எல்லாம் அதே ரகம்தான். பாட்டி வாங்கினால் பாரம்பரியம், தம்பி பெண்டாட்டி வாங்கினால் தண்டம். நல்ல நியாயம்.

ஈரோட்டுக்காரன்:
நல்ல கேள்விதான், ஆனால் குறி தப்பிவிட்டது. அச்சு இல்லாமல் சந்தகை கிடையாது. குழி இல்லாமல் பணியாரம் கிடையாது. முட்டை மட்டும் மெஷின் இல்லாமலே காலங்காலமாக வெந்துகொண்டிருக்கிறது. பண்டத்தை உண்டாக்குகிற கருவி வேறு, சோம்பலுக்குத் துணை போகிற கருவி வேறு.

மாடிவீட்டு மல்லி:
அப்படியானால் கிரைண்டரைத் தூக்கித் தெருவில் வைத்துவிடுங்கள். ஆட்டுக்கல்லில் மாவு அரைபடவில்லையா? கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். அதுவும் ஒருவகையில் சோம்பலுக்குத் துணைதான். ஆனால் அந்தச் "சோம்பல்" யாருடைய தோள்பட்டையைக் காப்பாற்றியது என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மாமியார் சுத்த சைவம். அவர் புழங்குகிற அடுப்பில், அவர் தொடுகிற பாத்திரத்தில் முட்டை ஏறக்கூடாது. மகளுக்கோ மருத்துவர் தினம் ஒரு முட்டை கொடுக்கச் சொல்லியிருக்கிறார். முதலில் ஒரு பழைய சட்டியைத் தனியாக ஒதுக்கி, அவர் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து அவித்துக்கொண்டிருந்தேன். திருட்டு வேலை மாதிரி. பிறகு 549 ரூபாய்க்கு இந்த மெஷினை வாங்கிப் பால்கனி பிளக்கில் மாட்டினேன். அன்றோடு வீட்டில் முட்டைப் பஞ்சாயத்து முடிந்தது. எனக்கு அது ஒரு வேலை மட்டும் செய்வதுதான் வசதியே. அதில் வேறெதுவும் வேகாது என்று மாமியாருக்கும் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், ஆளாளுக்கு உணர்ச்சிவசப்படும் முன் கணக்கைப் பார்ப்போம். இந்த மெஷின்கள் பெரும்பாலும் 350 முதல் 400 வாட். 360 வாட் என்றே வைத்துக்கொள்வோம். 12 நிமிடம் ஓடினால் 0.072 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்றால் முப்பத்தாறு பைசா.

கேஸில் முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, சிம்மில் ஒன்பது நிமிடம் வைத்தால் என் கணக்கில் சுமார் 14 கிராம் செலவாகும். 14.2 கிலோ சிலிண்டரில் கிட்டத்தட்ட ஆயிரம் தடவை அவிக்கலாம். சிலிண்டர் 850 ரூபாய் என்று வைத்தால் தடவைக்கு 85 பைசா. மிச்சம் ஏறக்குறைய ஐம்பது பைசா. மல்லி அக்கா கொடுத்த 549 ரூபாய் திரும்ப வர ஆயிரத்து நூறு தடவை, அதாவது தினம் அவித்தால் மூன்று வருஷம். வாரம் இருமுறை என்றால் பத்து வருஷத்துக்கு மேல்.

ஆக, "கேஸ் மிச்சம்" என்று விளம்பரத்தில் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தக் காரணத்துக்காக வாங்குகிறவருக்குக் கணக்கு வராது.

ஈரோட்டுக்காரன்:
பிள்ளைவாள் என் பக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்று. தம்பி வீட்டு மெஷினோடு வந்த அளவுக் கிண்ணத்தைப் பார்த்தேன். ஒரு முட்டைக்கான கோடு மேலே இருக்கிறது, ஏழு முட்டைக்கான கோடு கீழே. ஒன்றுக்கு அதிகத் தண்ணீர், ஏழுக்குக் குறைவாம்! கோடு சரியாகப் போடத் தெரியாதவன் செய்த சாமானை நம்பி முட்டையை எப்படிக் கொடுப்பது?

ஸ்டுட்கார்ட் தமிழன்:
அண்ணே, கோடு சரிதான். இங்கே ஜெர்மனியில் இது புதுச் சாமானே இல்லை. காலையில் அரைவேக்காட்டு முட்டை தின்கிற ஊர், நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் இது இருக்கிறது. நானும் முதல் நாள் உங்களைப் போலத்தான் கிண்ணத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன்.

மெஷினுக்குள் கடிகாரம் கிடையாது. தண்ணீர்தான் கடிகாரம். கிண்ணத்தில் அளந்து ஊற்றுகிற தண்ணீர் அடியில் இருக்கிற சூடேறும் தட்டில் இருக்கிறவரை அந்தத் தட்டின் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. கடைசிச் சொட்டும் ஆவியானதும் தட்டு சட்டென்று சூடேறும், சூட்டை உணர்கிற சுவிட்சான தெர்மோஸ்டாட் அணைத்துவிடும் அல்லது மணியடிக்கும். இதில் முட்டை எண்ணிக்கை எங்கே வருகிறது என்றால், ஆவி குளிர்ந்த ஓட்டில் பட்டு நீராகி மறுபடி தட்டிலேயே சொட்டுகிறது. ஏழு முட்டை இருந்தால் சொட்டுவது அதிகம், அதே தண்ணீர் சுற்றிச்சுற்றி வரும். ஒரே முட்டை என்றால் பெரும்பகுதி ஆவி மூடித் துளை வழியே போய்விடும். அதனால்தான் ஒன்றுக்கு அதிகம், ஏழுக்குக் குறைவு. கிண்ணத்தின் அடியில் இருக்கிற ஊசியால் முட்டையின் அகலமான முனையில் ஒரு துளை போட்டால், உள்ளே இருக்கிற காற்று விரியும்போது வெளியேற வழி கிடைக்கும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்த ஊர்க்காரர்களுக்கு முட்டை விஷயத்தில் கொஞ்சம் பித்து உண்டு. வெந்த முட்டையின் மண்டை ஓட்டை வட்டமாக விரிசல் விடவைக்க மட்டும் ஒரு கருவி இருக்கிறது. கம்பியில் ஓர் உருண்டை வழுக்கி வந்து தொப்பி மேல் விழும். பெயர் அயர்ஷாலன்சோல்புருக்ஷ்டெல்லன்ஃபெருஸாஹர். சொல்லி முடிப்பதற்குள் முட்டை ஆறிவிடும். கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினால் போதாதா என்று அதற்கு மட்டும் நான் உங்கள் கட்சி.

ஈரோட்டுக்காரன்:
கோடு விஷயத்தில் வாபஸ். விளக்கம் அருமை. ஆனால் வேலை செய்கிற விதம் அழகாக இருப்பதால் மட்டும் ஒரு சாமான் தேவையாகிவிடாது. அமெரிக்காவில் ஜூசெரோ என்று ஒரு ஜூஸ் மெஷின் வந்ததே. 2016-இல் விலை 699 டாலர். அவர்கள் விற்கிற பையை உள்ளே வைத்தால் பிழிந்து தரும். அந்தப் பையைக் கையாலேயே பிழியலாம் என்று 2017-இல் பத்திரிகைக்காரர்கள் பிழிந்தே காட்டினார்கள். அதே வருஷம் கடையை மூடிவிட்டார்கள். முட்டை மெஷின் அதற்குத் தங்கச்சி.

பழைய இரும்பு:
நான் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவன். இரண்டு தரப்பும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். கிரைண்டர் முப்பது வருஷம் கழித்தும் என் கடைக்கு வருகிறது. பெல்ட் மாற்றுவேன், கல்லைக் கொத்திக் கொடுப்பேன், போய்விடும். இந்த முட்டை மெஷின் வந்தால் திருப்பி அனுப்புவதைத் தவிர வழியில்லை. உள்ளே ஃபியூஸ் போயிருக்கும், பத்து ரூபாய் பொருள். ஆனால் அடிப்பாகத்தைத் திறந்தால் பிளாஸ்டிக் கொக்கி உடையும். தட்டும் அதைச் சூடாக்குகிற கம்பிச்சுருளும் ஒரே துண்டு, தனியாகக் கிடைக்காது. என் கூலியைச் சேர்த்தால் புதுசின் விலையில் பாதி வந்துவிடும். தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குகிறார்கள்.

போர் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு: தட்டில் வெள்ளையாக உப்புப் படிந்தால் தெர்மோஸ்டாட் ஏமாந்து முன்கூட்டியே அணைத்துவிடும். முட்டை வேகாததற்கு மெஷினைத் திட்டாதீர்கள். எலுமிச்சைச் சாற்றில் கொஞ்சம் ஊறவைத்துத் துடையுங்கள், சுரண்டாதீர்கள். கேன் தண்ணீர் இருந்தால் அதையே ஊற்றுங்கள்.

மாடிவீட்டு மல்லி:
அட, என் மெஷின் ஒரு மாதமாக அரைவேக்காடாகத் தருவதற்கு இதுதான் காரணமா! மெஷினின் தலையெழுத்து என்று விட்டிருந்தேன். நன்றி அண்ணே. தூக்கிப் போடுகிற விஷயத்தில் எனக்கும் உறுத்தல் உண்டு, மறுக்கவில்லை.

தாமரைக்குளம்:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். "அடுப்பை அணைக்க இரண்டு விரல் போதும்" என்ற வரிக்காக எழுதுகிறேன். என் அப்பாவுக்கு வலது கை வராது, பக்கவாதம் வந்து நான்கு வருஷம். ஞாபகமும் முன்போல இல்லை. இரண்டு முறை சட்டியில் தண்ணீர் வற்றி, முட்டை வெடித்து, சட்டி கருகி, பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கேஸை அணைத்தார். இப்போது நான் வேலைக்குக் கிளம்பும் முன் முட்டையைத் துளையிட்டு வைத்து, தண்ணீரும் ஊற்றிவிட்டுப் போகிறேன். பசிக்கிறபோது அவர் இடது கையால் சுவிட்சைப் போடுகிறார், அவ்வளவுதான். மூடியைத் திறக்கும்போது ஆவி கையில் அடிக்கும் என்பதால் ஆறிய பிறகே திறக்கச் சொல்லியிருக்கிறேன். முட்டை கொஞ்சம் அதிகமாக வெந்து மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் விழுகிறது. அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. எழுபத்து நான்கு வயதில் தன் காலைச் சாப்பாட்டைத் தானே செய்துகொள்கிறார்.

ஈரோட்டுக்காரன்:
அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

"எந்தச் சாமானும்" என்று முதலில் போட்டதைத் திருத்திக்கொள்கிறேன். மல்லி அக்கா வீட்டிலும் உங்கள் வீட்டிலும் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. என் தம்பிக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது, மாமியாரும் நாமக்கல்லில் முட்டை வியாபாரக் குடும்பம். அவன் வாங்கியது தள்ளுபடியைப் பார்த்துத்தான். அதில் நான் இறங்கிவரமாட்டேன்.

கணக்குப்பிள்ளை:
ஆவியில்தான் வேகவேண்டும் என்றால் வீட்டில் இட்லிச் சட்டி இருக்கிறதே? குழிக்கு ஒரு முட்டை வைத்து மூடினால் அதே வேலைதானே? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

ஈரோட்டுக்காரன்:
இன்று காலை செய்து பார்த்தேன். தண்ணீர் கொதித்த பிறகு தட்டை இறக்கிப் பன்னிரண்டு நிமிடம். நான்கு முட்டையும் கெட்டியாக வெந்தன, ஓடும் சட்டியில் அவித்ததைவிட லேசாக உரிந்தது. வெற்றிச் செய்தியோடு வரலாம் என்று இருந்தேன். அதற்குள் வீட்டுக்காரி வந்து, இட்லித் தட்டில் முட்டை வாடை போகிறவரை இட்லி கிடையாது என்று சொல்லிவிட்டாள். மூன்று தடவை புளி போட்டுத் தேய்த்தாயிற்று.

மாடிவீட்டு மல்லி:
பால்கனியில் பிளக் இருக்கிறதா அண்ணே?