பதில்: ஆட்-ஆன், ஊனுண்ணி டைனோசர் – இரண்டுக்கும் சொல் வேண்டும்

> ஆட்-ஆனுக்கு ‘நீட்சி’ போதும். ராஜசாரஸை ‘ஊனுண்ணி அரசப்பல்லி’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவோம்.

போக முடியாது ஐயா. ஜூ டைகூன் 2 என்ற மிருகக்காட்சிசாலைக் கணினி விளையாட்டில் ஆட்கள் செய்து சேர்க்கிற கூடுதல் விலங்குக்கும் (ஆட்-ஆன்), அப்படி வருகிற ராஜசாரஸ் என்ற ஊனுண்ணி டைனோசருக்கும் தமிழ்ச் சொல் தேடுகிறோம், இரண்டிலும் தகராறு இருக்கிறது.

முதலில் பல்லி. 1842-இல் ரிச்சர்ட் ஓவன் டைனோசர் என்ற பெயரைக் கிரேக்கத்திலிருந்து கட்டியபோது பயங்கரப் பல்லி என்ற பொருளில்தான் கட்டினார், அது சரி. ஆனால் அந்த மிருகம் பல்லி இல்லை, பல்லியைவிட முதலைக்கும் கோழிக்கும்தான் நெருங்கிய சொந்தம். தமிழில் பல்லி என்றதும் பஞ்சாங்கத்தில் தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று போட்டிருக்கும் பட்டியல்தான் ஞாபகத்துக்கு வரும். ஆறரை மீட்டர் நீள உருப்படி மேலே விழுந்தால் பலன் பார்க்க ஆள் மிஞ்சாது. ‘தொன்மா’ என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள், பொதுப்பெயருக்கு அது தேவலை. டைனோசர் என்றே வைத்தாலும் எனக்குச் சம்மதம், ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

ஊனுண்ணி என்பதைப் பெயருக்குள் ஏற்றுவது இதைவிடப் பெரிய வம்பு. உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். திருவையாறு வழியாகப் போய்க் கொள்ளிடப் பாலம் ஏறி இறங்கினால் திருமானூர், அதற்கு அப்பால் அரியலூர். அந்தப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987-இல் ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் ப்ருஹத்காயோசாரஸ் என்று ஒரு டைனோசரை அறிவித்தார்கள். இடுப்பெலும்பு, தொடையெலும்பில் ஒரு பகுதி, இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு கீழ்க்கால் எலும்பு, வால் முள்ளெலும்பு, இப்படிச் சில. அதை அவர்கள் சேர்த்தது ஊனுண்ணிகளின் வரிசையில். பிற்பாடு மற்ற ஆய்வாளர்கள் பார்த்துவிட்டு, இது இலை தழை தின்கிற நீண்ட கழுத்துக் கூட்டம், அதாவது சாரோபாடு என்றார்கள், இன்றைக்கு அப்படித்தான் எழுதுகிறார்கள், உலகத்திலேயே மிகப் பெரிய தரைவிலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். எலும்புகளைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம் என்றால் அவை உதிர்ந்தே போய்விட்டன. சமஸ்கிருதத்தில் ‘பெரிய உடம்பு’ என்று மட்டும் பெயர் வைத்ததால் அந்தப் பெயர் பிழைத்தது. அன்றைக்கு யாராவது தமிழில் ‘கல்லமேட்டு ஊனுண்ணி’ என்று வைத்திருந்தால் இன்றைக்கு அந்த ஊனுண்ணிக்குத் தழை அறுத்துப் போட வேண்டியிருக்கும்.

ஓவிராப்டர் என்ற டைனோசரின் கதையும் இதுதான். 1924-இல் முட்டைக் கூட்டுப் பக்கத்தில் கிடைத்ததால் முட்டைத்திருடன் என்று பெயர். எழுபது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த மாதிரி முட்டைகள் அதன் குடும்பத்துடையவைதான் என்று. பெயரை மாற்ற விலங்கியல் விதி இடம் கொடுக்காது, பாவம், திருட்டுப் பட்டம் நிலைத்துவிட்டது.

திருவாரூர்த் தம்பி, ராஜசாரஸ் வருகிற டைனோசர் கிளையான தெரோபாடுக்கு ‘ஊனுண்ணித் தொன்மா’ என்று எழுதியிருந்தார். தம்பி, தெரோபாடுகளில் எல்லாமே கறி தின்றவை அல்ல. தெரிசினோசாரஸ் அரை மீட்டர் நீளத்துக்கு நகம் வைத்துக்கொண்டு செடிகொடிதான் தின்றது என்கிறார்கள். நம் வீட்டுக் கொல்லையில் நெல் பொறுக்குகிற கோழியும் வகைப்பாட்டில் தெரோபாடுதான். ஆகவே தெரோபாடு என்பது குடும்பக் கிளை, ஊனுண்ணி என்பது சாப்பாடு. இரண்டையும் ஒரே சொல்லில் கட்ட வேண்டாம்.

விளையாட்டுக்கும் இதுதான் வசதி. ஜூ டைகூன் 2-இல் ஆட்கள் செய்து போடுகிற விலங்கு ஒரு இசட்2எஃப் கோப்பாக வரும், அது பெயரை மாற்றிய ஜிப்தான் (சுருக்கிக் கட்டிய கோப்பு), திறந்தால் உள்ளே எக்ஸ்எம்எல் என்ற உரைக் கோப்புகள். விலங்கின் பெயர் ஒரு வரி, அது என்ன தின்னும் என்பது வேறு வரி. நாளைக்கு ஆராய்ச்சி மாறினால் உணவு வரியை மட்டும் திருத்தலாம். எனவே என் கட்சி: இனப்பெயர் ஒலிபெயர்ப்பு மட்டும், ராஜசாரஸ் நர்மதென்சிஸ். கிளை, தெரோபாடு. உணவு, ஊனுண்ணி. நடத்தை, கொன்றுண்ணி. ‘பெரிய’ என்பதற்குச் சொல்லே வேண்டாம், நீளத்தை மீட்டரில் போட்டால் போதும்.

‘இராசசோரசு’ என்று எழுதச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் தன் பெயரைக் கிரந்த எழுத்தில்தான் வெட்ட வைத்தான். தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு நான் ‘ஜ’வை விரட்ட மாட்டேன். 2003-இல் குஜராத் ராஹியோலி எலும்புகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர்களும் ராஜா என்ற சொல்லை நினைத்துத்தான் சூட்டினார்கள்.

இனி ஆட்-ஆன். ‘நீட்சி’யும் ‘செருகுநிரலும்’ இணைய உலாவிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், அவை நிரலைக் குறிக்கும். இங்கே வருவது ஒரு மிருகம். ‘ஒட்டு’ என்றால் பிழைதிருத்தும் பேட்சுடன் குழம்பும், இலக்கணத்தில் வேறு முன்னொட்டு பின்னொட்டு இருக்கிறது. ‘இடைச்செருகல்’ என்று ஒருவர் குறும்பாக எழுதியதை ரசித்தேன், கம்பனுக்கு நடந்ததுதான் இதுவும், ஆனால் செய்தவர் கோபித்துக்கொள்வார். ‘சேர்க்கை’ என்றால் கல்லூரி வாசல் பேனர். நான் சொல்வது ‘சேர்ப்பு’. “ராஜசாரஸ் சேர்ப்பு போட்டாச்சா?”, “அந்தச் சேர்ப்பை எடு, விளையாட்டு தொங்குது.” வாயில் நிற்கிறது. நிறுவனமே விற்றது, 2002-இல் வந்த டைனோசர் டிக்ஸ், 2007-இல் வந்த எக்ஸ்டிங்ட் அனிமல்ஸ் மாதிரி, ‘விரிவாக்கம்’. ஆட்கள் செய்து இலவசமாகப் போடுவது ‘சேர்ப்பு’.

கல்லணை திறந்துவிட்டால் இந்தக் குழுவில் பாதிப் பேர் நடவுக்குப் போய்விடுவீர்கள், அதற்குள் சொல்லிவிடுங்கள்.

(தஞ்சாவூர்)

---

> நான் சொல்வது ‘சேர்ப்பு’.

அண்ணே, சேர்ப்பு என்றால் கடற்கரை. நெய்தல் தலைவன் சேர்ப்பன். எங்கள் வேதாரண்யத்தை எடுத்து விளையாட்டுக்குள் போடுகிறீர்களா? மற்றதெல்லாம் ஒப்புகிறேன், கல்லமேட்டுக் கதையைச் சேர்ப்பின் விளக்கக் குறிப்பிலேயே போடலாம்.

(வேதாரண்யம்)

---

கடற்கரை என்ற பொருளில் அந்தச் சொல்லை இன்றைக்குச் சந்தையில் யாரும் சொல்வதில்லை தம்பி, குறுந்தொகை வகுப்பில் மட்டும் கேட்கும். அங்கே டைனோசர் வராது, இங்கே சேர்ப்பன் வரமாட்டான். குழப்பம் இல்லை என்பதால் ‘சேர்ப்பு’ என்றே பட்டியலில் ஏற்றுகிறேன், மறுப்பவர்கள் ஞாயிறு வரை எழுதலாம். விளக்கக் குறிப்பு நல்ல யோசனை, நீங்களே எழுதி அனுப்புங்கள். ராஜசாரஸின் நெற்றிக்கொம்பு ஒன்றுதான் என்பதை மறக்காதீர்கள், போன தடவை வந்த படத்தில் இரண்டு இருந்தது.

(தஞ்சாவூர்)