ஒரே பாட்டோடு ஓய்ந்த குழுவா மிஸ்டீரியன்ஸ்?

வட்டத்தட்டு:
'கொஸ்டின் மார்க் அண்ட் த மிஸ்டீரியன்ஸ்' என்னும் அமெரிக்க ராக் இசைக்குழுவை ஒற்றைப் பாட்டுக்காரர்கள் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. டெக்சாஸிலிருந்து வயல்வேலை தேடி மிச்சிகனுக்கு வந்த மெக்சிக்க வம்சாவளிக் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். 1966இல் மிச்சிகனின் பே சிட்டியில் பதிவான '96 டியர்ஸ்' பாட்டு, குழுவின் மேலாளர் நடத்திய பா-கோ-கோ என்னும் சிறு நிறுவனத்தின் பெயரில் வெளிவந்து, வட்டார வானொலிகளின் வழியே பரவி, பிலடெல்பியாவின் கேமியோ என்னும் இசைத்தட்டு நிறுவனத்தின் கைக்கு மாறி, அக்டோபர் 29 அன்று அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டே கேமியோ நொடித்து, இசைத்துறை வணிகர் ஆலன் கிளைனிடம் போனது. குழுவை மூழ்கடித்தது அந்த நிறுவனமே.

கறார்க்காரன்:
வட்டத்தட்டு அவர்களே, காலவரிசை உங்கள் வாதத்துக்கு இடம் தரவில்லை. அடுத்து வந்த 'ஐ நீட் சம்படி' 22ஆம் இடம். 1967இல் 'கான்ட் கெட் இனஃப் ஆஃப் யூ பேபி' 56ஆம் இடம். இந்த இறக்கம் முழுவதும் கேமியோ உயிரோடு இருந்தபோதே நடந்தது. குழுவின் ஃபிராங்க் ரோட்ரிகஸ் விடாமல் இடித்திடித்து வாசிக்கும் அந்த ஆர்கன் என்னும் விசைப்பலகைக் கருவிதான் குழுவின் சொத்து. முதன்முறை கேட்டபோது புதுமையாக இருந்தது, மறுமுறை பழகிப்போனது.

வட்டத்தட்டு:
பட்டியலில் கிடைக்கும் இடம் பாட்டின் தரத்தை மட்டும் பொறுத்ததன்று. தட்டுகளைக் கடைகளுக்கு அனுப்பி, வானொலி நிலையங்களை விடாமல் நச்சரிக்கும் நிறுவனத்தின் தெம்பையும் பொறுத்தது. நீங்கள் சொன்ன அதே 56ஆம் இடத்துப் பாட்டை 1998இல் ஸ்மாஷ் மௌத் குழு பாடியபோது வானொலிகள் ஓயாமல் ஒலிபரப்பினவே!

கறார்க்காரன்:
அந்தப் பாட்டு மிஸ்டீரியன்ஸ் எழுதியதன்று. லின்சரும் ராண்டெலும் எழுதி, 'த டாய்ஸ்' குழு முன்பே பாடியது. '96 டியர்ஸ்' மிஸ்டீரியன்ஸின் பாடகர் ரூடி மார்ட்டினெஸ் தாமே எழுதியது. அதற்கு இணையாக அவர் எழுதிய இன்னொன்றைக் காட்டுங்கள் என்பதே என் கேள்வி.

ஓரத்துக்கடை:
இருவரும் தரவரிசையிலேயே நிற்கிறீர்கள். கேமியோவின் பதிவுகளைக் கிளைனின் நிறுவனம் பல்லாண்டுகள் பூட்டியே வைத்திருந்ததால், குறுந்தகட்டுக் காலத்தில் பலருக்கும் கிடைத்தவை குழுவினர் 1997இல் மறுபடி பாடிப் பதிந்த வடிவங்களே. மூலப்பதிவுகள் 2005இல்தான் முறையாக வெளிவந்தன. கறார்க்காரன் கேட்டது எந்தப் பதிவு?

கறார்க்காரன்:
என்னிடம் உள்ள தட்டை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 1997 என்றுதான் போட்டிருக்கிறது. 'பழகிப்போனது' என்று நான் சொன்னதை மட்டும், மூலப்பதிவைக் கேட்கும்வரை நிறுத்திவைக்கிறேன். 22உம் 56உம் அப்படியேதான் இருக்கின்றன.

வட்டத்தட்டு:
முதலில் 1967இல் வந்த 'ஆக்‌ஷன்' தொகுப்பைக் கேளுங்கள், நண்பரே.